வேகம் 200, படம் மட்டும் நிற்கிறது: பழுது எங்கே என்று தேடும் முறை

வீட்டில் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது காட்சி உறைந்து, திரையின் நடுவே வட்டம் சுற்றத் தொடங்கினால், பெரும்பாலான வீடுகளில் முதலில் ரவுட்டரை அணைத்துப் போடுகிறார்கள். சில நாள் கழித்தும் அதே நிலை நீடித்தால், மாதத்துக்கு இருநூறோ முந்நூறோ கூடுதலாகக் கொடுத்து இன்னும் வேகமான திட்டத்துக்கு மாறிவிடுகிறார்கள். அணைத்துப் போடுவதில் தவறு ஒன்றுமில்லை, சில நேரம் அது பலனும் தரும். திட்டத்தை உயர்த்துவதுதான் பெரும்பாலும் வீண் செலவாக முடிகிறது. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 4கே தரத்துக்குப் பரிந்துரைக்கும் வேகம் 15 எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு 15 மெகாபிட்; முழு எச்டி எனப்படும் 1080பி தரத்துக்கு வெறும் 5. யூடியூப் 4கேவுக்கு 20 எம்பிபிஎஸ் என்கிறது. ஒரே நேரத்தில் மூன்று திரைகளில் 4கே ஓடினாலும் அறுபதைத் தாண்டாது. அப்படியிருக்க, 100 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒரே ஒரு தொலைக்காட்சியில் படம் நிற்கிறது என்றால், அந்த வீட்டுக்கு வேகம் போதவில்லை என்று முடிவு கட்டுவதற்கு ஆதாரமே இல்லை. வந்து சேரும் வேகம் வழியில் எங்கோ சிதறுகிறது. எங்கே என்று தெரியும்வரை எதையும் மாற்றாதிருப்பதே, உறவினர்களும் நண்பர்களும் என்னைக் கூப்பிடும்போதெல்லாம் நான் வலியுறுத்துவது.

தேடத் தொடங்குமுன், படம் வீட்டுக்குள் எப்படி வருகிறது என்பதைச் சற்று அறிந்துகொள்வது நல்லது. இணையத்தில் படம் இடைவிடாத ஒரே ஓட்டமாக வருவதில்லை. ஆப்பிள் 2009இல் கொண்டுவந்த எச்எல்எஸ், 2012இல் உலகத் தரமாக வெளியான டேஷ் ஆகிய இரண்டு முறைகளும் படத்தைச் சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டி வைக்கின்றன. ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் தயாராக இருக்கும். உங்கள் தொலைக்காட்சியிலுள்ள செயலி, முந்தைய துண்டு எவ்வளவு விரைவாக வந்து சேர்ந்தது என்பதைக் கணக்கிட்டு, அடுத்த துண்டை எந்தத் தரத்தில் கேட்பது என்று முடிவு செய்கிறது. வந்த துண்டுகள் முதலில் கையிருப்பில் சேர்கின்றன, திரைக்கு அந்தக் கையிருப்பிலிருந்துதான் படம் போகிறது. நம் வீட்டு மொட்டைமாடித் தொட்டியைப் போன்றதுதான் இது: மோட்டார் விட்டுவிட்டு ஓடினாலும், தொட்டியில் தண்ணீர் இருக்கும்வரை குழாயில் வரத்து நிற்பதில்லை. ஆகவே படம் நிற்கும் கணத்தில்தான் பழுது நேர்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது. கையிருப்பு தீர்ந்த நேரம் அது, வரத்து குறையத் தொடங்கியது அதற்கு அரை நிமிடம் முன்பாகக்கூட இருக்கலாம்.

இதிலிருந்து, ‘படம் சரியாக வரவில்லை’ என்ற ஒரே புகாருக்குள் வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன என்பதும் விளங்கும். படம் நின்று வட்டம் சுற்றுவது கையிருப்பு தீர்ந்ததன் அடையாளம். படம் நிற்காமல், ஆனால் மங்கலாகவும் கட்டம் கட்டமாகவும் தெரிந்தால், வரத்து குறைந்ததைக் கண்ட செயலி தரத்தைத் தானே இறக்கிக்கொண்டிருக்கிறது. வட்டமும் சுற்றாமல், படமும் மங்காமல், காட்சி மட்டும் வெட்டி வெட்டி ஓடி, ஒலி சீராக இருந்தால், இணையத்தின் மேல் பழி போடுவதற்கே இடமில்லை. வந்த படத்தை விரித்துக் காட்டும் வேலையில் கருவி திணறுகிறது. பழைய மடிக்கணினிகளில் இதை அடிக்கடி காணலாம். யூடியூப் இன்று பல காணொளிகளை ஏவி1 என்ற புதிய குறியாக்கத்தில் அனுப்புகிறது. அதை விரிப்பதற்கான வன்பொருள் பழைய கணினிகளில் கிடையாது. எல்லாப் பாரமும் மையச் செயலியின் தலையில் விழ, விசிறி இரைச்சல் போட, படம் தத்தித் தத்தி ஓடும்.

மூன்றில் எது என்று ஊகிக்க வேண்டியதில்லை. கணினியில் யூடியூப் காணொளியின்மேல் வலது சொடுக்கு செய்தால் ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்றொரு தேர்வு வரும். கைப்பேசியிலும் தொலைக்காட்சியிலும் அமைப்புகளுக்குள் தேடினால் கிடைக்கும். அதில் நமக்கு வேண்டியவை இரண்டே வரிகள். ‘பஃபர் ஹெல்த்’ என்பது கையிருப்பில் எத்தனை விநாடிப் படம் இருக்கிறது என்பதைக் காட்டும். ‘டிராப்டு ஃபிரேம்ஸ்’ என்பது கருவி காட்ட முடியாமல் தவறவிட்ட சட்டகங்களின் எண்ணிக்கை. கையிருப்பு இருபது முப்பது விநாடி என்று நிறைவாக இருக்க, தவறிய சட்டகங்கள் மட்டும் ஏறிக்கொண்டே போனால், குற்றவாளி கருவி. கையிருப்பு இறங்கி இறங்கிப் பூஜ்யத்தைத் தொட்டால், குற்றவாளி வரத்து. எந்தக் கட்டணச் சோதனையும் இதைவிடத் தெளிவான விடை தராது என்பது என் கருத்து, ஆனால் இப்படியொன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

இன்னொரு போலிக் குற்றமும் உண்டு. சில விலை குறைந்த ஆண்ட்ராய்டு பெட்டிகளிலும் கைப்பேசிகளிலும், எவ்வளவு வேகமான இணைப்பிருந்தாலும், கட்டணச் செயலிகளில் படம் எச்டி தரத்துக்கு ஏறவே ஏறாது. வைடுவைன் என்ற உரிமைப் பாதுகாப்பு முறையில் எல்1 என்ற உயர்நிலைச் சான்று பெறாத கருவிகளுக்குப் பல நிறுவனங்கள் எச்டி தருவதில்லை. யூடியூப் பளிச்சென்றும் கட்டணச் செயலி மங்கலாகவும் தெரிந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் இது தீராது.

வரத்துதான் குறைகிறது என்று உறுதியானபின், வழியை மூன்று துண்டாகப் பிரித்துக்கொள்ளலாம்: திரையிலிருந்து ரவுட்டர் வரை, ரவுட்டரிலிருந்து நிறுவனத்தின் நிலையம் வரை, அங்கிருந்து படம் வைக்கப்பட்டிருக்கும் சர்வர் வரை. இந்த வரிசையிலேயே தேடுவது நல்லது. ஏனெனில் முதல் துண்டு நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலான பழுதுகளும் அங்கேதான் இருந்தன.

முதல் துண்டைச் சோதிக்க எளிய வழி, ஒரு மடிக்கணினியை லேன் வடத்தால் நேராக ரவுட்டரில் செருகி, அதே படத்தை அதே நேரத்தில் ஓட்டிப் பார்ப்பது. வடத்தில் சீராக ஓடி, வைஃபையில் நின்றால், மேற்கொண்டு வாடிக்கையாளர் சேவையை அழைக்க வேண்டியதே இல்லை. வடம் இல்லாதவர்கள் வைஃபையில் இருந்தபடியே கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ரவுட்டரின் முகவரிக்குப் பிங் (விடை வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் கட்டளை) கொடுத்துப் பார்க்கலாம். பல வீடுகளில் அந்த முகவரி 192.168.1.1 ஆக இருக்கும். நல்ல வைஃபையில் சில மில்லிவிநாடிகளில் விடை வரும். அதே வீட்டுக்குள், நான்கு சுவர்களைத் தாண்டாத அந்தப் பயணத்துக்கு 200, 400 மில்லிவிநாடி ஆனாலோ, இடையிடையே விடையே வராமல் போனாலோ, நோய் வீட்டுக்குள் இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

தஞ்சாவூரில் என் சித்தப்பாவின் வீட்டில் நடந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கீழ்த்தளத்தில் தெருப்பக்க அறையில், ஃபைபர் கம்பி உள்ளே நுழையும் மூலையிலேயே ரவுட்டரை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அதற்கும் கூடத்துக்கும் நடுவில் இரும்பு பீரோ. தொலைக்காட்சியோ மாடியில். ரவுட்டரிலிருந்து புறப்படும் அலை பீரோவில் மோதித் திரும்பி, ஒன்பது அங்குலச் சுவரைத் துளைத்து, கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தையும் கடந்து மேலே போக வேண்டும். சித்தப்பா திட்டத்தை 50இலிருந்து 200ஆக உயர்த்திய பிறகும் படம் நின்றுகொண்டுதான் இருந்தது. உயர்த்திய வேகம் முழுவதும் பீரோவுக்கு முன்னால் உள்ள அறையில் மட்டுமே கிடைத்துக்கொண்டிருந்தது. மாடிப்படி வளைவில் ஓர் உயரமான இடத்துக்கு ரவுட்டரை மாற்றியதும் நிலைமை பெரிதும் மாறியது. பெட்டியை மாட்டுபவர்கள் தங்கள் கம்பி மிச்சமாகும் இடத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். வீட்டுக்காரர்தான் பொருத்தும் நாளிலேயே கூட இருந்து, வீட்டின் நடுப்பகுதியைக் காட்டி, பத்து மீட்டர் கம்பி கூடுதலாகப் போடச் சொல்ல வேண்டும். மீன்தொட்டி, குளிர்பதனப் பெட்டி, முகம் பார்க்கும் பெரிய கண்ணாடி ஆகியவையும் அலையைத் தின்னும் அல்லது திருப்பியடிக்கும் பொருள்களே. தொலைக்காட்சியின் முதுகுக்குப் பின்னால் ரவுட்டரை ஒளித்து வைப்பதும் அழகுக்காகச் செய்யும் தீங்கு.

அலையின் வலிமையை டிபிஎம் என்ற அளவில் கைப்பேசியிலேயே பார்க்கலாம்; வைஃபை அனலைசர் போன்ற இலவசச் செயலிகள் ஆண்ட்ராய்டில் கிடைக்கின்றன. அளவு எதிர்மறை எண்ணில் இருக்கும். −50 என்றால் மிக நன்று, −67 வரை படம் பார்க்கத் தடையிருக்காது, −80ஐ நெருங்கினால் வட்டம் சுற்றத்தான் செய்யும். தொலைக்காட்சி இருக்கும் இடத்திலேயே கைப்பேசியை வைத்து அளக்க வேண்டும். சோபாவில் உட்கார்ந்து அளந்து பயனில்லை. தொலைக்காட்சிக்குப் பின்னால் எச்டிஎம்ஐ துளையில் நேராகச் செருகப்படும் ஸ்டிக் கருவிகளுக்கு இது இன்னும் முக்கியம்: திரையின் உலோக முதுகு அவற்றுக்கு அலையை மறைத்துவிடுகிறது. அதற்காகத்தான் ஃபயர் ஸ்டிக் பெட்டிக்குள் குட்டையான எச்டிஎம்ஐ நீட்டிப்பு ஒன்று வைத்திருக்கிறார்கள். பலர் அதைப் பெட்டியோடு பரணில் போட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது அலைவரிசை. வைஃபை முதன்மையாக 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு பட்டைகளில் இயங்குகிறது. முதலாவது சுவரைத் தாண்டி நெடுந்தூரம் போகும், ஆனால் அதில் இடம் மிகக் குறைவு. பதின்மூன்று சேனல்கள் என்று கணக்குச் சொன்னாலும், அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால், ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் இயங்கக் கூடியவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான். அடுக்குமாடிக் குடியிருப்பில் மாலை ஏழு மணிக்கு வைஃபை அனலைசர் செயலியைத் திறந்து பார்த்தால், இருபது முப்பது வீடுகளின் ரவுட்டர்கள் அந்த மூன்று இடத்துக்காக முட்டிக்கொள்வது படமாகவே தெரியும். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது, புளூடூத்தும் அதே பட்டைதான். சமையலறையில் எதையாவது சூடாக்கும் நேரத்தில் மட்டும் படம் நின்றால் வேறு காரணம் தேட வேண்டாம். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். இந்தியாவில் 2018இல் இந்தப் பட்டையின் பெரும்பகுதியை உரிமம் இல்லாமல் பயன்படுத்த அரசு திறந்துவிட்டபின், நெரிசல் இல்லாத சேனல் கிடைப்பது எளிதாகிவிட்டது. சுவர்களைத் தாண்டும் வலிமை மட்டும் இதற்குக் குறைவு.

பெரும்பாலான ரவுட்டர்கள் இரண்டு பட்டைகளுக்கும் ஒரே பெயர் வைத்து, கருவியே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகின்றன. தொலைக்காட்சிகள் இதில் அவ்வளவு சாமர்த்தியசாலிகள் அல்ல; ஒருமுறை 2.4ஐப் பிடித்துவிட்டால் அதையே பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே ரவுட்டரின் அமைப்பில் இரண்டு பட்டைகளுக்கும் வெவ்வேறு பெயர் வைத்து, தொலைக்காட்சியை 5இல் மட்டும் சேர்ப்பது நல்லது. விலை குறைந்த ஸ்மார்ட் டிவிகள் பலவற்றில் 5 கிகாஹெர்ட்ஸ் வசதியே கிடையாது என்பதையும் வாங்குமுன் கவனிக்க வேண்டும். கடைக்காரர் திரையின் அங்குலத்தைச் சொல்வார், இதைச் சொல்ல மாட்டார். அப்படிப்பட்ட தொலைக்காட்சி ஏற்கெனவே வீட்டில் இருந்தால், இரண்டு பட்டையும் பிடிக்கும் ஒரு ஸ்டிக்கைச் செருகிக்கொள்வது புதுத் தொலைக்காட்சி வாங்குவதைவிட மலிவு.

அலை எட்டாத மாடிக்கு ‘ரிப்பீட்டர்’ வாங்கச் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. சாதாரண ரிப்பீட்டர், வாங்கிய தகவலை அதே பட்டையிலேயே திருப்பி அனுப்புவதால், அந்தப் பட்டையின் நேரத்தில் பாதியைத் தானே எடுத்துக்கொள்கிறது. திரையில் வைஃபை கோடுகள் நிறைந்து தெரியும், வேகம் பாதியாகியிருக்கும். முடிந்தவரை ஒரு லேன் வடத்தை மாடிக்கு இழுத்து, அதன் முனையில் இன்னொரு ரவுட்டரை, அங்கே வைஃபை தரும் ஆக்சஸ் பாயிண்ட்டாக வைப்பதே நிலையான தீர்வு. சுவரில் வடம் ஓடுவது பார்வைக்கு உறுத்தும் என்று மறுப்பவர்கள், கேபிள் டிவி காலத்தில் இதே சுவரில் கருப்பு வடம் ஓடியதை மறந்துவிட்டார்கள்.

வடம் இழுக்கும்போதும் ஒரு சங்கதியைப் பார்க்க வேண்டும். லேன் வடத்துக்குள் நான்கு இணைகளாக எட்டுக் கம்பிகள் இருக்கும். முனையை அழுத்திப் பொருத்தும்போது ஒரு கம்பி சரியாகப் பதியாமல் போனால் பல நேரம் இணைப்பு அற்றுப்போவதில்லை. 1000 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 100க்கு இறங்கி, சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். 200 எம்பிபிஎஸ் திட்டத்தில் சோதனை எப்போதும் 94ஐ ஒட்டியே நின்றால் இதுதான் காரணம், அல்லது நிறுவனம் கொடுத்த பெட்டியின் லேன் துளையே 100 எம்பிபிஎஸ் வகையைச் சேர்ந்தது. தொலைக்காட்சிக்கு மட்டும் என்றால் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. விலை உயர்ந்த தொலைக்காட்சிகளில்கூட லேன் துளை பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்தான், 4கே படத்துக்கு அது தேவைக்கு மேலேயே.

வைஃபையும் வடமும் சரியாக இருந்து, குறிப்பிட்ட சில நேரங்களில் மட்டும் படம் நிற்கிறது என்றால், வீட்டிலிருந்து வெளியே போகும் போக்குவரத்தைப் பார்க்க வேண்டும். படத்தின் ஒவ்வொரு துண்டையும் கேட்டு வாங்குவதற்குச் செயலி சிறு சிறு கோரிக்கைகளை மேலே அனுப்பியாக வேண்டும், வந்ததற்கு ஒப்புகையும் அனுப்ப வேண்டும். திருமணத்துக்குப் போய்வந்த கைப்பேசி நூற்றுக்கணக்கான படங்களைக் கூகுள் ஃபோட்டோஸில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதும், வாசல் கேமரா இடைவிடாமல் காட்சியை மேகத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்போதும், அந்தச் சிறு கோரிக்கைகள் ரவுட்டருக்குள் நீண்ட வரிசையின் கடைசியில் நிற்க நேர்கிறது. ரவுட்டர் தயாரிப்பாளர்கள் தகவல் இழப்பைத் தவிர்க்கப் பெரிய இடைநினைவகங்களை (பஃபர்) தாராளமாக வைத்ததன் பக்கவிளைவு இது. ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010இல் தம் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டு ஆராயத் தொடங்கியபின், ‘பஃபர்புளோட்’ என்ற பெயர் இதற்கு நிலைத்தது. வரிசையைக் குட்டையாக வைத்து, ஒவ்வொரு தகவல் ஓட்டத்துக்கும் நியாயமாக இடம் தரும் எஃப்கியூ-கோடல் என்ற முறை 2018இல் ஐஇடிஎஃப் என்ற இணையத் தர அமைப்பின் சோதனைநிலை ஆவணமாக வெளியாயிற்று. ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற மென்பொருள் ஓடும் ரவுட்டர்களில் இதைப் போட்டுக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டில் இந்தத் தொல்லை உண்டா என்பதை ஃபாஸ்ட் டாட் காம் என்ற வேகச் சோதனைத் தளத்திலேயே பார்க்கலாம். வேகம் வந்தபின் கூடுதல் விவரத்தைத் திறந்தால், இணைப்பு சும்மா இருக்கும்போதுள்ள தாமதமும், நிறைந்து ஓடும்போதுள்ள தாமதமும் தனித்தனியே தெரியும். முன்னது 10 மில்லிவிநாடியும் பின்னது 400உம் என்றிருந்தால் ஐயமே வேண்டாம். ரவுட்டரை மாற்ற இயலாதவர்கள், படங்களை ஏற்றும் வேலையைப் பின்னிரவுக்குத் தள்ளி, கேமராவின் தரத்தை ஒரு படி குறைத்தாலே போதும்.

இரண்டாவது துண்டு, வீட்டிலிருந்து நிறுவனத்தின் நிலையம் வரையிலான ஃபைபர். நம் ஊர்களில் பரவலாக உள்ள ஜிபான் முறையில், நிலையத்திலிருந்து வரும் ஒரே கண்ணாடி இழை தெருமுனைப் பெட்டியில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. கீழ்நோக்கிய மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 2.5 ஜிபிபிஎஸ், அதை அத்தனை வீடுகளும் பகிர்ந்துகொள்கின்றன. வீட்டுக்கு வந்து சேரும் ஒளியின் அளவும் டிபிஎம்மில்தான் சொல்லப்படுகிறது. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் ‘ஆப்டிகல் பவர்’ அல்லது ‘ஆர்எக்ஸ் பவர்’ என்ற பெயரில் அது இருக்கும். பரவலாகப் பயன்படும் வகைப் பெட்டிகள் −8 முதல் −27 வரை தாங்கும். −20ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. −27ஐத் தாண்டினால் இணைப்பு அறுவதும் ஒட்டுவதுமாக இருக்கும், ஸ்பீடு டெஸ்ட் எடுக்கும் நேரத்தில் மட்டும் நல்லபடியாக நடந்துகொண்டு ஏமாற்றவும் செய்யும். கம்பியைக் கதவிடுக்கில் நசுக்குவது, ஆணியில் சுருட்டி இறுக்கமாக மாட்டுவது, அணில் கடிப்பது, மரக்கிளை உராய்வது, பொருத்தியின் முனையில் தூசி படிவது எல்லாம் இந்த அளவைக் குறைக்கும். பெட்டியில் ‘எல்ஓஎஸ்’ என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை என்று பொருள், அப்போது வீட்டுக்குள் செய்ய ஒன்றுமில்லை. அளவு நன்றாக இருக்கும் நாளிலேயே அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால், பின்னால் ஒப்பிட உதவும்.

மாதக் கடைசியில் மட்டும் வேகம் சரிகிறது என்றால் கம்பியைச் சோதிக்குமுன் பயன்பாட்டு வரம்பைப் பார்க்க வேண்டும். 4கே தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 7 ஜிபி வரை செலவாகும் என்று நெட்ஃபிளிக்ஸ் சொல்கிறது. நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் என்றால் மாதத்துக்கு 840 ஜிபி. வரம்பு கடந்தபின் நிறுவனங்கள் தரும் வேகம் மிகச் சொற்பம். 2023 ஜனவரியில் மத்திய அரசு பிராட்பேண்ட் என்பதற்கான குறைந்தபட்ச வேகத்தை 512 கேபிபிஎஸ்ஸிலிருந்து 2 எம்பிபிஎஸ்ஸாக உயர்த்தியது. அந்த 2 எம்பிபிஎஸ்ஸில் முழு எச்டி படம் ஓடாது.

மூன்றாவது துண்டு நிறுவனத்துக்கு அப்பால் இருக்கிறது. வடத்தில் சோதித்தாலும், இரவு எட்டிலிருந்து பதினொன்று வரை மட்டும் ஒரே ஒரு செயலியில் படம் நிற்கிறது, ஸ்பீடு டெஸ்ட்டோ முழு வேகத்தைக் காட்டுகிறது என்றால் பழுது அங்கேதான். ஸ்பீடு டெஸ்ட் தளங்கள் இயல்பாக அருகிலுள்ள சர்வரைத் தேர்ந்தெடுக்கும், அது பல நேரம் உங்கள் நிறுவனத்தின் வலைக்குள்ளேயே இருக்கும். படம் வரும் வழியோ வேறு. நெட்ஃபிளிக்ஸும் கூகுளும் பிரபலமான படங்களின் பிரதிகளை இணைய நிறுவனங்களின் நிலையங்களிலேயே சர்வர் வைத்து வழங்குகின்றன. அந்தச் சர்வர்கள் நிரம்பினாலோ, அவை இல்லாத சிறிய நிறுவனங்களில் வெளி இணைப்பு நெரிந்தாலோ, மாலையில் படம் நிற்கும். நெட்ஃபிளிக்ஸ் 2016இல் தொடங்கிய ஃபாஸ்ட் டாட் காம் அதன் சொந்தப் படச் சர்வர்களிலிருந்தே அளப்பதால், இரண்டு தளங்களின் எண்களையும் ஒரே நேரத்தில் எடுத்து ஒப்பிடுவது பயன் தரும். கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் தொலைக்காட்சியைச் சேர்த்து அதே படத்தை ஓட்டிப் பார்ப்பது இன்னொரு நல்ல சோதனை. அதில் சீராக ஓடினால் செயலியும் தொலைக்காட்சியும் குற்றமற்றவை.

டிஎன்எஸ்ஸை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்ற பொதுச் சேவைக்கு மாற்றினால் வேகம் கூடும் என்ற அறிவுரை எங்கும் கிடைக்கிறது. டிஎன்எஸ் என்பது பெயரைக் கொடுத்து முகவரியை வாங்கும் வேலை மட்டுமே. ஓடத் தொடங்கிய படம் நடுவில் நிற்பதை அதனால் பெரும்பாலும் தீர்க்க முடியாது. சில வேளை, உங்கள் இருப்பிடம் தெரியாமல் அந்தப் பொது டிஎன்எஸ் தொலைவிலுள்ள சர்வரின் முகவரியைத் தந்து நிலைமையை மோசமாக்கவும் கூடும். படம் தொடங்கவே வெகு நேரம் எடுத்தால் மட்டும் மாற்றிப் பார்க்கலாம். ‘கடலடிக் கம்பி அறுந்துவிட்டது’ என்ற விளக்கத்தையும் நான் எளிதில் ஏற்பதில்லை. 2024 பிப்ரவரியில் செங்கடலில் கம்பிகள் அறுந்தது உண்மைதான். ஆனால் பெரிய நிறுவனங்களின் படங்கள் நாட்டுக்குள்ளேயே வைக்கப்பட்டிருப்பதால், அவற்றை வீட்டில் பார்ப்பதற்கும் செங்கடலுக்கும் தொடர்பு குறைவு.

நேரலைக் கிரிக்கெட் தனி ரகம். மைதானத்தில் நடப்பதற்கு வெகுவாகப் பிந்திவிடக் கூடாது என்பதால், செயலி சில விநாடிக் கையிருப்போடுதான் ஓடும். திரைப்படத்தில் நாம் கவனிக்கவே மாட்டாத சிறு தடங்கல் இங்கே விக்கெட் விழும் நேரத்தில் வட்டமாகச் சுற்றும். 2023 நவம்பர் 19 அன்று உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். அப்படிப்பட்ட இரவில் படம் தடுமாறினால் ரவுட்டரைத் திட்டாமல் தரத்தை 720பிக்குக் கையால் இறக்கி வைத்துக்கொள்வதே அறிவு.

பழுது இரண்டாவது அல்லது மூன்றாவது துண்டில் இருப்பது உறுதியானால்தான் நிறுவனத்தை அழைக்க வேண்டும், அழைக்கும்போது ‘நெட் ஸ்லோவாக இருக்கிறது’ என்று சொல்லக் கூடாது. அப்படிச் சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லிவிட்டுப் புகாரை முடித்துவிடுவார். அவருக்குக் கொடுக்கப்பட்ட வரிசை அது, அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. ‘லேன் வடத்தில் சோதித்தேன்; காலையில் இவ்வளவு, இரவு ஒன்பது மணிக்கு இவ்வளவு; ஒளி அளவு −28 காட்டுகிறது’ என்று சொன்னால் பேச்சே வேறு மாதிரி போகும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில், பல மாதமாகத் தொல்லை கொடுத்த இணைப்புக்கு இப்படி எண்ணைச் சொல்லிப் புகார் செய்தபின்தான் லைன்மேன் கம்பத்துப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒட்டு ஒன்று மழைநீர் பட்டுக் கெட்டிருந்தது. அதை வெட்டிப் புதிதாக ஒட்டியதும் அளவு −21க்கு வந்தது.

புகார் எண்ணைக் கேட்டு வாங்கி, சோதனைகளின் திரைப்பிடிப்புகளைத் தேதி நேரத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012இல் கொண்டுவந்த விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் புகார் மையத்துக்கு மேல் ஒரு மேல்முறையீட்டு ஏற்பாடு இருந்தாக வேண்டும், அங்கே முறையிடக் கட்டணம் கிடையாது. புகார் மையம் தந்த பதில் திருப்தியில்லை என்றால், அந்த எண்ணையும் திரைப்பிடிப்புகளையும் இணைத்து அங்கே எழுதலாம். முகவரி நிறுவனத்தின் இணையதளத்தில், பெரும்பாலும் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில், கிடைக்கும்.